மீந்ததெல்லாம் மிச்சமா?

கேள்வி: எங்கள் வீட்டில் ஐந்து பேர். நான், கணவர், 12 வயதிலும் 7 வயதிலும் இரண்டு பிள்ளைகள், என் மாமியார். ஒவ்வொரு சனிக்கிழமையும் ஃப்ரிட்ஜைத் துடைக்கும்போது ஒரு பை நிறைய குப்பைக்குப் போகிறது. கொழகொழத்துப்போன கீரை, பாதி வெட்டி வைத்த வெள்ளரி, எப்போது வைத்தோம் என்றே தெரியாத டப்பாக்கள். விலை உயர்ந்த டப்பா செட் ஒன்று வாங்கினேன். ஒரு வாரச் சமையலையும் அட்டவணை போட்டு ஒட்டினேன். புதன்கிழமைக்கு மேல் அது நிற்கவில்லை. மாமியார் எதையும் எறிய விடமாட்டார். யாரும் தொடாததை அவரே சூடாக்கிச் சாப்பிட்டுவிடுவார்; போன மாதம் அப்படிச் சாப்பிட்டு வயிற்றுப்போக்கில் அவதிப்பட்டார். கணவர் நேரெதிர். பாக்கெட்டில் அச்சிட்ட தேதி ஒரு நாள் தாண்டினாலும் அப்படியே குப்பையில் போட்டுவிடுவார். இருவருக்கும் நடுவில் நான் மாட்டிக்கொண்டிருக்கிறேன். யார் சொல்வது சரி? எங்கிருந்து தொடங்குவது?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

டப்பா செட் கதையைப் படித்ததும் சிரிப்பு வந்தது. கேலியாக நினைக்காதீர்கள், உணவுப் பாதுகாப்பு ஆலோசனையையே தொழிலாகக் கொண்ட என் வீட்டிலும் அப்படி ஒரு செட் இருக்கிறது. மூடி நீலம், மற்றதெல்லாம் வெள்ளை, உள்ளே இருப்பது வெளியே தெரியாது. ஒருமுறை அதற்குள்ளிருந்து பன்னிரண்டு நாள் ஆன சோற்றை எடுத்தேன். பச்சையும் கருப்புமாகப் பூத்திருந்தது. டப்பாவில் ஒரு குறையும் இல்லை, மிக நன்றாக மூடியிருந்தது.

மாமியார் விஷயத்தை முதலில் எடுக்கிறேன். மற்றவை இரண்டு வாரம் பொறுக்கும், அது பொறுக்காது.

வயதானவர்களுக்குச் சாப்பாட்டால் வரும் வயிற்றுப்போக்கைச் சின்ன விஷயமாக விடக் கூடாது. உடம்பில் நீர் சீக்கிரம் வற்றும், நோயை எதிர்க்கும் சக்தியும் குறைந்திருக்கும். இன்னொரு முறை வந்து, காய்ச்சல் அடித்தாலோ ரத்தம் கலந்து போனாலோ சிறுநீர் குறைந்தாலோ வீட்டு வைத்தியத்தில் நேரம் கடத்தாமல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

"நன்றாகக் கொதிக்கவைத்துத்தானே சாப்பிட்டேன்" என்று அவர் சொல்லியிருப்பார் என்று ஊகிக்கிறேன். பாதி உண்மை. கொதிக்கவைத்தால் பெரும்பாலான பாக்டீரியாக்கள் சாகும். ஆனால் சாவதற்கு முன் சில பாக்டீரியாக்கள் உணவில் விட்டுப்போன நஞ்சு அப்படியே இருக்கும். சோற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இயல்பாகவே இருப்பதுண்டு. சோறு வேகும் சூட்டையும் அவை தாங்கிவிடும். சமைத்த சோறு வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் வெளியே கிடந்தால் வித்துகள் விழித்துக்கொண்டு பெருகும். அவற்றில் சில உண்டாக்கும் வாந்தி நஞ்சு, மறுபடி சூடாக்கினாலும் அழியாது. நம் கையிலிருந்தும் மூக்கிலிருந்தும் உணவுக்கு வந்து சேரும் ஸ்டெஃபிலோகாக்கஸும் இதே ரகம். ஆகவே, சாப்பிடும் முன் எவ்வளவு நேரம் கொதித்தது என்பதைவிட, அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு ஃப்ரிட்ஜுக்குள் போகும்வரை எவ்வளவு நேரம் வெளியே இருந்தது என்று கேளுங்கள்.

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு எளிமையானது. 5 டிகிரி செல்சியஸுக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பத்தில் கிருமிகளுக்குக் கொண்டாட்டம். சமைத்த உணவு அறை வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. மறுபடி சூடாக்கும்போது ஓரம் மட்டும் கொதித்தால் போதாது, நடுப்பகுதியும் 70 டிகிரியைத் தாண்ட வேண்டும். வெயில் 32 டிகிரிக்கு மேல் கொளுத்தும் நாளில் அந்த 2 மணி நேரத்தை 1 மணி நேரமாக வைத்துக்கொள்ளுங்கள். சூடான பாத்திரத்தை ஃப்ரிட்ஜில் வைக்கக் கூடாது என்று ராத்திரி முழுக்க அடுப்படியில் ஆறவிடுவார்கள். பெரும்பாலான வம்பு அங்கேதான் தொடங்குகிறது. அகலமான பாத்திரத்தில் இரண்டு விரல் உயரத்துக்குப் பரப்பி, அதைக் குளிர்ந்த தண்ணீரில் வைத்துக் கிளறிவிட்டால் சீக்கிரம் ஆறிவிடும். லேசான சூடு மீதியிருந்தால் பரவாயில்லை, உள்ளே வைக்கலாம். பெரிய பாத்திரத்தோடு அப்படியே தூக்கி வைத்தால் மேல்பக்கம் சில்லென்று இருக்கும், நடுப்பகுதி பல மணி நேரம் வெதுவெதுப்பாகவே கிடக்கும்.

இத்தனையும் சரியாகச் செய்தாலும் சமைத்த உணவுக்கு ஃப்ரிட்ஜில் ஆயுள் 3, மிஞ்சிப்போனால் 4 நாள். லிஸ்டீரியா போன்ற சில கிருமிகள் அந்தக் குளிரிலும் மெல்ல வளரும். (அந்தக் குளிர் என்பது 5 டிகிரியும் அதற்குக் கீழேயும். ஃப்ரிட்ஜுக்குள் திருகும் குமிழில் இருக்கும் 1, 2, 3 எல்லாம் டிகிரி இல்லை. ஒரு டம்ளர் தண்ணீரில் வெப்பமானியைப் போட்டு நடுத்தட்டில் இரவு முழுக்க வைத்துக் காலையில் பாருங்கள். நான் போய்ப் பார்த்த ஒரு வீட்டில் 9 காட்டியது. அவர்களும் பால் ஏன் சீக்கிரம் திரிகிறது என்றுதான் கேட்டிருந்தார்கள்.) மோந்து பார்ப்பதும் சாட்சி ஆகாது. உணவை ஊசவைத்து நாற்றம் கிளப்பும் கிருமிகள் வேறு, ஆளைப் படுக்கவைக்கும் கிருமிகள் வேறு.

மாமியாரிடம் பேசும்போது ஒன்றை முதலில் சொல்லிவிடுங்கள்: எறியக் கூடாது என்ற அவர் எண்ணத்தில் பிழையே இல்லை. நான்காம் நாள் அவர் காப்பாற்றப் பார்ப்பதை முதல் நாளே காப்பாற்றியிருக்க வேண்டும், அவ்வளவுதான். அதைச் செய்யாதது அவர் மட்டும் இல்லை, வீடு மொத்தமும்.

இனி உங்கள் சனிக்கிழமைப் பை.

மிச்சம் என்ற சொல்லுக்கு நம்மிடம் இரண்டு பொருள். மீந்துபோனதும் மிச்சம், சேர்த்து வைத்ததும் மிச்சம். ஃப்ரிட்ஜ் கதவைச் சாத்தும்போது முதலாவது இரண்டாவதாக மாறிவிட்டதாக நமக்கு ஒரு நினைப்பு. உண்மையில் அங்கே நடப்பது ஒத்திப்போடுதல். மீந்த காயை இன்றைக்கு எறிய மனசு வராது. நாலு நாள் கழித்து வரும், ஏனென்றால் அதற்குள் அது கெட்டிருக்கும். எறிவது நம் தப்பு இல்லை என்று ஆகிவிடும். குற்ற உணர்ச்சியை ஆறவைத்துத் தருகிற வேலையைப் பல வீட்டு ஃப்ரிட்ஜுகள் ஒழுங்காகச் செய்துகொண்டிருக்கின்றன. உங்கள் வீட்டு ஃப்ரிட்ஜும் அதில் ஒன்று என்று கடிதத்தைப் படித்தால் தெரிகிறது.

அதனால் டப்பாவை மூடும் முன் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும்: இதை யார், எப்போது சாப்பிடப்போகிறார்? பதிலைக் காகித நாடாவில் எழுதி மூடியில் ஒட்டுங்கள். "திங்கள் இரவு சமைத்தது. செவ்வாய் மதியம், அம்மா." தேதி மட்டும் எழுதிப் பார்த்திருக்கிறேன், அது அவ்வளவாக வேலை செய்யவில்லை, தேதி யாரையும் கூப்பிடாது. ஆள் பெயர் கூப்பிடும். ஒருவர் பெயரும் தோன்றவில்லை என்றால் அது உள்ளே போக வேண்டாம். சுடச்சுட யாருக்காவது கொடுத்துவிடலாம், ஆறவைத்து ஃப்ரீசரில் வைக்கலாம், இரண்டும் முடியாதபோது அன்றைக்கே கொட்டிவிடலாம். ஆம், வீணாவதைக் குறைக்கக் கேட்டவருக்குக் கொட்டச் சொல்கிறேன். அன்றைக்கே கொட்டினால் மனசு வலிக்கும், அந்த வலியோடு நாளைக்கு அரிசி அளக்கும்போது கை தானாகக் குறையும். சனிக்கிழமை ஒரேயடியாகக் கொட்டினால் எது எதனால் மீந்தது என்பதே நினைவில் இருக்காது.

அடுத்தது அளவு. உங்களுக்கு மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் 2024-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022-இல் உலகம் முழுக்கக் கடைகளிலும் உணவகங்களிலும் வீடுகளிலும் சேர்த்து 105 கோடி டன் உணவு வீணாயிற்று. நாம் வழக்கமாகக் கை காட்டுவது உணவகங்களை. அவற்றின் பங்கு 28 சதவீதம், கடைகளின் பங்கு 12. மீதி 60 சதவீதமும் வீட்டு அடுப்படிகளிலிருந்து போனது. ஆளுக்குச் சராசரியாக ஆண்டுக்கு 79 கிலோ. தோல், எலும்பு போன்ற சாப்பிட முடியாதவையும் இதில் அடக்கம். ஐந்து பேர் வீட்டுக்குக் கணக்குப் போட்டால் நாளுக்கு ஒரு கிலோவுக்குச் சற்று மேலே.

உலகச் சராசரியால் உங்கள் அடுப்படிக்கு ஒரு பயனும் இல்லை. உங்கள் கணக்கு வேண்டும். இரண்டு வாரத்துக்குக் குப்பைக்கூடை பக்கத்தில் ஒரு தராசும் தாளும் பென்சிலும் வையுங்கள். எறிவதற்கு முன் எடை, பொருள், காரணம் மூன்றையும் எழுதுங்கள். தோலையும் கொட்டையையும் தனியாகப் போட்டுவிடுங்கள், அவை கணக்கில் வேண்டாம். காரணம் எழுதுவதில் நேர்மை தேவை. "கெட்டுவிட்டது" என்பது காரணம் ஆகாது. ஏன் கெட்டது? வெட்டியதை மறந்தோமா, தள்ளுபடி என்று இரண்டாக வாங்கினோமா, பிள்ளைகளுக்குப் பிடிக்கவில்லையா, திடீரென்று வெளியே சாப்பிட்டோமா? இந்த இரண்டு வாரமும் யாரையும் திட்டக் கூடாது. திட்டினால் மறைத்து எறிவார்கள், கணக்கு பொய்யாகிவிடும்.

நான் பார்த்த வீடுகளில் அந்தத் தாள் பெரும்பாலும் ஒரே பல்லவியைத்தான் பாடும். இரண்டு மூன்று பொருள்கள் திரும்பத் திரும்ப வரும். என் வீட்டில் அவை பிரெட்டும் கொத்தமல்லித்தழையும். ஒரு கட்டில் கால்வாசி போதும் என்று தெரிந்தும் முழுக்கட்டு வாங்கிக்கொண்டிருந்தேன். அந்த இரண்டைச் சரிசெய்ததும் பை பாதியாகிவிட்டது. முப்பது பழக்கங்களை ஒரே நாளில் மாற்றக் கிளம்புகிறவர்கள் உங்கள் அட்டவணை மாதிரி புதன்கிழமையோடு நின்றுவிடுவார்கள்.

அட்டவணையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஏழு நாளுக்கும் எழுதினால் உடையத்தான் செய்யும். விருந்தாள் வருவார், ஒரு நாள் அலுப்பாக இருக்கும், ஒரு நாள் வெளியே சாப்பிடுவீர்கள். நான்கு நாளுக்கு மட்டும் எழுதி, மீதி மூன்றை வெற்றாக விடுங்கள். ஒத்திப்போனதும் மீந்ததும் அந்த வெற்று நாள்களில் தீரும். கடைக்குக் கிளம்பும் முன் ஃப்ரிட்ஜைத் திறந்து ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்; பட்டியல் எழுதச் சோம்பலாக இருக்கும் நாளிலும் இது ஓடும்.

அளவு விஷயத்தில் கண்ணை நம்பாதீர்கள். கண், வீட்டிலேயே அதிகம் பசித்திருந்த ஒரு நாளை நினைவில் வைத்துக்கொண்டு தினமும் அதற்கே சமைக்கச் சொல்லும். அரிசி வெந்ததும் எடையில் இரண்டரை முதல் மூன்று மடங்கு ஆகும். அரை டம்ளர் கூடுதலாகப் போட்டாலே ஒருவர் வயிறாரச் சாப்பிடும் அளவு மீந்துவிடும். ஒரே டம்ளரை அளவுக்கென்று ஒதுக்கி, எத்தனை போட்டோம், எவ்வளவு மீந்தது என்று பத்து நாள் பார்த்தால் உங்கள் வீட்டு அளவு பிடிபட்டுவிடும். பிள்ளைகளுக்கு முதலில் கொஞ்சமாகப் பரிமாறி, கேட்டால் இன்னொரு கரண்டி போடுங்கள். பாத்திரத்தில் மீந்ததை நாளைக்குச் சாப்பிடலாம், தட்டில் மீந்ததை யாரும் சாப்பிடமாட்டார்கள்.

காய்கறி, பழங்களை ஃப்ரிட்ஜில் எல்லாவற்றையும் ஒன்றாகத் திணிப்பதுதான் உங்கள் கீரைக்கு எமன் என்று தோன்றுகிறது. ஆப்பிள், வாழை, பழுத்த தக்காளி போன்றவை எத்திலீன் என்ற வாயுவை விடும். அது பழங்களைப் பழுக்கவைக்கும் வாயு. பக்கத்தில் கீரையோ வெள்ளரியோ ப்ரோக்கோலியோ இருந்தால் அவற்றை மஞ்சளாக்கி மூப்படையச் செய்துவிடும், கேரட் கசந்துபோகும். ஆகவே பழம் ஒரு பெட்டி, பச்சை இன்னொரு பெட்டி. கீரைக்கு இன்னொரு பகை, இலைமேல் நிற்கும் தண்ணீர். ஆய்ந்து, ஈரம் போக உலர்த்தி, உலர்ந்த துணியிலோ காகிதத்திலோ சுற்றி வையுங்கள். கழுவுவது சமைக்கும் முன் போதும். தழைகளைப் பூங்கொத்து மாதிரி டம்ளர் தண்ணீரில் நிறுத்தி வைத்தால் நாலைந்து நாள் கூடுதலாக நிற்கும். பழுக்காத தக்காளியும் வாழையும் குளிருக்குப் பழகாதவை, வெளியே இருக்கட்டும். (ஃப்ரிட்ஜில் வைத்த வாழையின் தோல் கறுத்தால் பயப்பட வேண்டாம், உள்ளே நன்றாகவே இருக்கும்.) உருளைக்கிழங்கு இருட்டில் இருக்க வேண்டும், வெளிச்சம் பட்டுப் பச்சையானால் கசப்பான நச்சுப்பொருள் சேர்ந்துவிடும். வெங்காயத்துக்குக் காற்றோட்டம்.

பிரெட்டை ஃப்ரிட்ஜில் வைப்பது பலரும் செய்யும் தவறு. பூஞ்சை தாமதமாகும், உண்மைதான். ஆனால் அதிலுள்ள ஸ்டார்ச், உறைநிலைக்குச் சற்று மேலான குளிரில்தான் மிக வேகமாக இறுகும். விறைத்துப்போன பிரெட்டை யாரும் தொடமாட்டார்கள், அதுவும் சனிக்கிழமைப் பைக்குப் போகும். இரண்டு நாளில் தீராது என்று தெரிந்தால் துண்டுகளாகவே ஃப்ரீசரில் வைத்து, வேண்டியதை மட்டும் எடுத்து நேராக டோஸ்ட் செய்யுங்கள். பாலைக் கதவில் வைக்காதீர்கள், திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் சூடாவது அந்த இடம்தான்.

ஃப்ரீசரைப் பலர் ஐஸுக்காக மட்டும் வைத்திருக்கிறார்கள். மைனஸ் 18 டிகிரியில் கிருமிகள் வளராது. சாவதும் இல்லை, தூங்கும். அதனால் கெடும் தறுவாயில் வைத்துப் பயன் இல்லை, நல்ல நிலையில் இருக்கும்போதே வைக்க வேண்டும். ஒரு வேளைக்கான அளவாகப் பிரித்துத் தட்டையாக வையுங்கள். வெளியே மேசைமேல் வைத்து உருகவிடாமல், முந்தின இரவே ஃப்ரிட்ஜுக்கு மாற்றி உருகவிட்டு, ஒரு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள்.

இப்போது கணவருக்கு. பாக்கெட்டில் வரும் தேதி இரண்டு வகை. "பெஸ்ட் பிஃபோர்" என்பது ருசி, மணம், மொறுமொறுப்புக்குத் தயாரிப்பாளர் தரும் வாக்கு. அந்த நாள் தாண்டிய பிஸ்கட்டோ பருப்போ மறுநாள் விஷமாகிவிடாது. பாக்கெட் பிரியாமல், சொன்னபடி வைத்திருந்தால் பார்த்து, மோந்து, ருசித்து முடிவு செய்யலாம். "யூஸ் பை", "எக்ஸ்பயரி" என்று போட்டால் அது பாதுகாப்புக்கான எல்லை. இறைச்சி, மீன், சீக்கிரம் கெடும் பால் பொருள்களில் வரும் அந்தத் தேதியில் கணவர் பிடிவாதமாக இருப்பது முழுக்கச் சரி, அங்கே மூக்கை நம்பக் கூடாது என்று மேலேயே சொன்னேன். குழந்தைகளுக்கான பால் பவுடரில் எந்தத் தேதி போட்டிருந்தாலும் தாண்டினால் கொடுக்கக் கூடாது. இன்னொன்றையும் அவரிடம் சொல்லுங்கள்: பாக்கெட்டைப் பிரித்த நிமிடமே அச்சிட்ட தேதிக்கு மதிப்பு போய்விடும். "பிரித்தபின் இத்தனை நாளுக்குள்" என்று சின்ன எழுத்தில் இருக்கும் வரிதான் அதற்குப் பிறகு கணக்கு. ஒரு நாள் தாண்டியதைப் பாக்கெட்டோடு எறிகிறவர்கள், பிரித்து மூன்று வாரமான சாஸைத் தேதி இருக்கிறதே என்று ஊற்றிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

பூஞ்சை பூத்தால் என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, மாமியார் வீட்டில் இருப்பதால் நானே சொல்கிறேன். கேரட், முட்டைக்கோஸ், கட்டியான சீஸ் போன்ற இறுகிய பொருள்களில் பூத்த இடத்தைச் சுற்றி இரண்டரை சென்டிமீட்டர் தாராளமாக வெட்டி எறிந்துவிட்டு மீதியைச் சாப்பிடலாம். பிரெட், தயிர், ஜாம், சோறு, மெத்தென்ற பழங்கள் என்றால் முழுவதும் போக வேண்டியதுதான். மேலே தெரிவது பூ மட்டும். இழைகள் உள்ளே எவ்வளவு தூரம் போயிருக்கின்றன என்று கண்ணுக்குத் தெரியாது. பூஞ்சை பிடித்த கடலை, தானியங்களில் இருக்கக்கூடிய அஃப்ளடாக்சின் சமைத்தாலும் போகாது.

தோல், தண்டு, கொட்டை எல்லாம் காய்ந்த இலையோடு கலந்து உரமாகட்டும். காற்றுப் புகாத குப்பைமேட்டில் அழுகினால் அவை மீத்தேன் ஆகும், அது புவி வெப்பத்தைக் கூட்டும் வாயு. ஆனால் உரத்தொட்டி வைத்ததும் எறிவது உறுத்தாமல் போய்விடும் ஆபத்து உண்டு. சாப்பிட்டிருக்க வேண்டிய கீரை உரமானால் அதையும் தாளில் எழுதுங்கள்.

கடைசியாக, இதையெல்லாம் நீங்கள் ஒருவரே செய்ய வேண்டாம். ஃப்ரிட்ஜில் கண்ணுக்கு நேராக இருக்கும் தட்டை "முதலில் இது" என்று ஒதுக்கி, அதை மாமியார் பொறுப்பில் விடுங்கள். எறியக் கூடாது என்று வீட்டில் உண்மையாகக் கவலைப்படுகிற ஆள் அவர்தான். காலையில் ஃப்ரிட்ஜைத் திறந்து இன்றைக்கு எது தீர வேண்டும் என்று அவர் சொல்லட்டும், நீங்கள் அதை வைத்துச் சமையுங்கள். மூன்று நாள் தாண்டிய டப்பாவைத் தொடுவதில்லை என்று அவரிடம் வாக்கு வாங்கிக்கொள்ளுங்கள். மூடியில் நாளும் பெயரும் எழுதுவது பெரிய பிள்ளையின் வேலை. வெப்பமானியையும் ஃப்ரீசரையும் கணவரிடம் கொடுத்துவிடுங்கள். தேதி பார்ப்பதில் அவருக்கு இருக்கும் சுறுசுறுப்புக்கு அங்கே நிறைய வேலை இருக்கிறது.